தாய்லாந்துப் பள்ளியை நாங்கள் விசாரித்த காலை

பள்ளிக்கூடம் நம்மைத் தேர்வு செய்வதற்கு முன்னால் நாம் பள்ளிக்கூடத்தைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது நொனெட்டின் சட்டம். நொனெட் என் பெரியப்பா மகள். தாய்லாந்தில் நான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். அங்கத்திப் பள்ளிக்காரர்கள் அவளைச் சுற்றுலா விசாவில் வரச் சொல்லி, வேலை பெர்மிட் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் குடியேற்ற அலுவலகத்துக்காரர்களே அவளை விமானத்தில் ஏற்றி பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான இலோய்லோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தாய்லாந்து என்று யார் வாயைத் திறந்தாலும் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

எனக்கோ அங்கே ஒரு பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. லாவோஸ் எல்லையோரம் ஒரு சின்ன ஊர். நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம். வகுப்பில் இருபத்தெட்டே பிள்ளைகள். இங்கே நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் எனக்கு ஐம்பத்தொரு பிள்ளைகள், இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று ஓடாது. அவர்கள் அனுப்பிய வகுப்பறைப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேனோ தெரியாது. கரும்பலகைக்கு மேலே ஏசி இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். இங்கே அரசுப் பள்ளி வேலைக்கு மூன்று வருடம் காத்திருந்து இப்போதுதான் என் முறை வந்திருந்தது. திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆகவே தாய்லாந்து வேலை நிஜமா, இன்னொரு மோசடியா என்பது வெள்ளிக்கிழமை நேர்காணலிலேயே தெரிந்தாக வேண்டும்.

லீவு போட்டுவிட்டு, மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டு அரைக்கால்சட்டையோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். கேமராவில் விழாதபடி மேசைக்குப் பக்கத்தில் தரையில் நொனெட். ஒரு கையில் காப்பி, மறு கையில் கேள்விப் பட்டியல்.

"இந்தாய், நல்லா கேட்டுக்கோ. அவங்க சிரிச்சா நீயும் சிரி. ஆனா உருகாத."

"நான் எங்க உருகினேன், மனாங்?" எங்கள் மொழியில் தங்கையை இந்தாய் என்றும் அக்காவை மனாங் என்றும் கூப்பிடுவோம்.

"காலையிலேருந்து மூணு தடவை சீப்பு எடுத்துட்ட. கல்யாணத்துக்கா போற?"

சரியாகப் பத்து மணிக்குத் திரையில் வந்தார் விலாவன் மேடம். ஆங்கிலப் பிரிவின் பொறுப்பாளர். நிதானமான குரல். ஆப்பிளைக் காட்டி ஐந்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார். நடத்தினேன். பக்கத்து வீட்டுச் சேவல் இரண்டு முறை குறுக்கே கூவியது. அதையும் பாடத்தில் சேர்த்து, "இது என்ன பறவை?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருந்தது.

"நல்லா பண்றீங்க, டீச்சர் கிளாரிசெல். மே மாசம் பள்ளி திறக்குது. இப்போதைக்குச் சுற்றுலா விசால வந்துடுங்க, பெர்மிட்ட இங்க வந்து பாத்துக்கலாம். சரிதானே?"

தரையில் நொனெட்டின் காப்பி சிந்தியது. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் விசாவும் காதில் ஏறவில்லை, பெர்மிட்டும் ஏறவில்லை. நல்லா பண்றீங்க என்றதோடு என் காது நின்றுவிட்டது. இரண்டு புருவத்தையும் ஒரு தூக்குத் தூக்கி, அவரையே பார்த்தேன்.

எங்கள் ஊரில் ஆமாம் என்று சொல்ல அதுவே போதும். கடைக்காரர், ஜீப்னி வண்டி ஓட்டுநர், பாதிரியார், எல்லோரும் அப்படித்தான். வாயைத் திறப்பது வீண் வேலை.

விலாவன் மேடத்தின் முகம் மாறியது. என்னையே பார்த்தார். நானும் பதில்தான் சொல்லியாகிவிட்டதே என்று சும்மா இருந்தேன்.

"புரியுது," என்றார் மெதுவாக. "இப்படிக் கேட்டா யாருக்கும் சங்கடமாத்தான் இருக்கும். இருங்க, இயக்குநர்கிட்ட பேசிட்டு வரேன்." ஒலியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நொனெட் என் முழங்காலில் ஒரு அடி வைத்தாள்.

"நீ ஆமான்னுதானே சொன்ன? நான் பாத்தேன். மண்டையில என்ன வெச்சிருக்க?"

"வாய் தவறி..."

"வாயா? நீ எங்க வாயைத் திறந்த? அந்தம்மா நீ முறைக்கிறன்னு நெனச்சுட்டாங்க. உன் முட்டாள்தனம் உன்னைக் காப்பாத்திருக்கு. இனிமே முகத்தை மூடிக்கிட்டு வாயைத் திற."

வெட்கத்தில் காது சுட்டது. நான்கு வருடம் அவள் பட்ட பாட்டையெல்லாம் கேட்டு வளர்ந்தவள், ஒரு பாராட்டுக்கு அதே குழியில் விழப் போனேன்.

விலாவன் மேடம் திரும்பி வந்தார். "வேலை விசாவுக்கான கடிதங்கள முன்னாடியே அனுப்ப இயக்குநர் ஒத்துக்கிட்டார். ஆறு வாரம் ஆகும். நீங்க வர்ற வரைக்கும் வேற டீச்சர் பாத்துப்பாங்க. ஆனா முடிவ இன்னிக்கே சொல்லணும்."

என் நெஞ்சு துள்ளியது. இந்த முறை வாயைத் திறந்தேன். "மேடம், அங்க இருக்கிற எங்க நாட்டு டீச்சர் யார்கிட்டயாவது பேசலாமா?"

அவர் தயங்கவே இல்லை. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தாழ்வாரம், செருப்பு வரிசை, ஒரு கோடை வகுப்பு. வாசலில் ஒல்லியாக ஒருவர். எங்கள் பக்கத்து ஆன்டிக் மாகாணத்துக்காரர், ரொடெலியோ. மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவர் பேசுவதற்காகக் கைப்பேசியைப் பிடித்தார்.

ரொடெலியோ முகம் நிறையச் சிரிப்போடு, மேடத்துக்குப் புரியாத எங்கள் மொழியில் ஆரம்பித்தார். "நீங்களும் சிரிச்சுக்கிட்டே கேளுங்க, டீச்சர். இவங்க நல்லவங்க. சம்பளம் ஒரு நாள் தள்ளாது. இயக்குநர்தான் கஞ்சன். சுற்றுலா விசாவைப் புதுப்பிக்க என்னை மூணு தடவை எல்லைக்கு பஸ் ஏத்தினார், அப்புறம்தான் பெர்மிட் வந்துச்சு. உங்களுக்கு எப்படி?"

"கடிதம் முன்னாடியே அனுப்பறாங்களாம், சார்."

அவர் சிரிப்பு ஒரு நொடி அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. "ஏழு வருஷத்துல நாங்க ஒன்பது பேர் வந்திருக்கோம். யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்ல. என்ன சொல்லி வாங்கினீங்க?"

"ஒண்ணுமே சொல்லல, சார்."

"அப்ப நாங்க வாயே திறந்திருக்கக் கூடாது போல. விடாதீங்க டீச்சர். பிள்ளைங்க தங்கம்."

அவர் பின்னால் பத்துப் பதினைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு பெண் குழந்தை கைப்பேசிக்குக் கிட்டே வந்து, இருக்கிற ஆங்கிலம் அவ்வளவையும் சேர்த்து, "டீச்சர், எப்போ வருவீங்க?" என்றது.

அதோடு அரசுப் பள்ளி என் மனசைவிட்டுப் போய்விட்டது. "கடிதம் கைக்கு வந்ததும் வரேன்," என்று அவளுக்கும் மேடத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு அத்தனை சந்தோஷம்.

விலாவன் மேடம் வாழ்த்துச் சொல்லி, வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் தோளை ஒரு கை தள்ளியது. கலைந்த தலை, காப்பிக் கறை பட்ட பனியன், கண்ணெல்லாம் தண்ணீர். நொனெட் திரைக்குள் வந்து நின்றாள்.

"மேடம், நான் இவளோட அக்கா. தாய்லாந்துல நாலு வருஷம் பாடம் எடுத்திருக்கேன். உங்ககிட்ட இன்னொரு இடம் காலியா இருக்கா?"