பிரசவ நோட்டு

நாய் வளர்த்துக் குட்டி விற்பது எங்களுக்குத் தொழில் இல்லையாம், பொழுதுபோக்காம். வரி அலுவலகத்து அதிகாரி அப்படித்தான் சொன்னார். பொழுதுபோக்கு என்றால் தீனி, தடுப்பூசி, கொட்டகை வாடகை எதையும் வருமானத்தில் கழிக்க முடியாது. அவர் சொல்கிற வரியைக் கட்டினால் கொட்டகையை மூட வேண்டியதுதான்.

அவருக்கு ஆதாரம் கொடுத்ததே நாங்கள்தான். "எல்லா ரெக்கார்டையும் குடுங்க" என்று எங்கள் ஆடிட்டர் கேட்டதும், என் வீட்டுக்காரர் பிரசவ நோட்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். எந்த நாய் எத்தனை மணிக்குக் குட்டி போட்டது, எடை எவ்வளவு என்று எழுதுகிற நோட்டு. மனுஷன் அதோடு நிறுத்தினால்தானே! மனசில் பட்டதையெல்லாம் அதில் எழுதி வைப்பார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"'மூணாவது குட்டி மூச்சு விடல. வாயால ஊதினேன். பொழச்சிடுச்சு. ரெண்டு பேரும் அழுதோம்.' இது வியாபாரி எழுதற மாதிரியா இருக்கு?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்புறம் கிழவின்னு ஒரு நாய். குட்டி போட்டு நாலு வருஷம் ஆச்சு. லாபம் பாக்கறவங்க இத வச்சிருப்பாங்களா?"

"தாய் ஒதுக்கின குட்டிய நக்கி, சூடு குடுத்துக் காப்பாத்தறது அவதான் சார். ஆள் போட்டா சம்பளம் கேப்பாங்க" என்றேன்.

"பாசம்னு சொல்லுங்க."

"ஆமா, பாசம்தான். கை படாம வளந்த குட்டி ஆளக் கண்டா பயந்து கடிக்கும். கடிக்கற குட்டிய எவன் வாங்குவான்? கொஞ்சறதே எங்களுக்கு வேலை சார். உங்களுக்கு உங்க வேலை பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"அப்ப உங்க சம்பளமும் பொழுதுபோக்குல சேத்தியா?"

ஆடிட்டர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும். நியாயம் கேட்க வாய் எதற்கு இருக்கிறது?

ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, செலவை ஒப்புக்கொண்டார்கள். கிழவியின் தீனியையும் மருந்தையும் மட்டும் அடித்துவிட்டார்கள். இனி நோட்டில் தொழில் விவரம் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கினார்கள். அழுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா, என்ன அநியாயம் இது!

அதற்குப் பிறகு அவர் மணியையும் எடையையும் மட்டும் எழுதினார். ஒருநாள், 'கொஞ்சுதல்: நாற்பது நிமிடம், தொழில் நிமித்தம்' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் கிழவி செத்துப்போனாள். யாரோ ஈன்ற இரண்டு குட்டிகள் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. அவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"தேதி, வயசு எழுதிட்டேன். வேற என்னம்மா எழுதலாம்?"

பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன்: 'ரெண்டு பேரும் அழுதோம்.' கீழே என் கையெழுத்தையும் போட்டேன். கேட்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும்.