தொண்ணூற்றொன்பதைத் தொடாத எண்

என் கணவன் லிம்பானியை ஏரிக்கரை ஊரான கரோங்காவுக்கு யாரும் மாற்றவில்லை. அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

குழந்தைகளின் மலேரியாவுக்கு ஒரு புது மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கிறோம். சோதனையின் புள்ளிவிவரக் கணக்கைப் பார்ப்பவர்கள் நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். அவன் வழியில், கடைசிக் குழந்தையும் சேர்ந்த பிறகு ஒரே ஒருமுறைதான் முடிவைத் திறக்க வேண்டும். நடுவில் எட்டி எட்டிப் பார்த்தால், தற்செயலாய் வந்த வித்தியாசமும் மருந்தின் குணமாகத் தெரிந்துவிடும் என்பான். நான் மாதாமாதம் பார்ப்பவள். முன்பு நம்பியதோடு புதிதாய் வந்ததைச் சேர்த்து, மருந்து பலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்வேன். தொண்ணூற்றொன்பதைத் தொட்டால் சோதனையை அன்றே நிறுத்தலாம். அந்த எண் எனக்கும் சோதனையைக் கண்காணிக்கும் குழுவுக்கும் மட்டுமே தெரியலாம்.

இங்கே பிளான்டையரில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தால் என் முகத்தைப் படித்துவிடுவானாம். போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ந்சிமாக் களி கிளறும்போது இன்னும் இருவருக்குத்தான் மாவு போடுகிறேன்.

இந்த மாதம் எண் தொண்ணூற்றெட்டைத் தாண்டி நின்றது. தொடக்கத்தில் நான் வைத்த முன்நம்பிக்கை கறாரானது: இந்த மருந்து பெரிதாய் ஒன்றும் செய்யாது. அதைக் கொஞ்சம் தளர்த்திப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதரை. இதை அனுப்பினால் சோதனை நின்றுவிடும், வெள்ளிக்கிழமைப் பேருந்தில் லிம்பானி வந்துவிடலாம்.

சோதனையில் பழைய மருந்தே கிடைக்கும் பிள்ளைகளுக்காகத்தான் தளர்த்தினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கறாரான கணக்கையே வைத்து, 'தொடரலாம்' என்று குழுவுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"எலுபே, சாப்பிட்டியா?"

"ஆச்சு. உசிப்பா மீன் வறுத்தேன்."

"குரல் ஏன் இறங்கிக் கிடக்கு?"

"சளி."

"போன மாசமும் இதே நாள்ல சளிதான். அப்பவும் சோதனை நிக்கல."

"லிம்பானி, இதுக்குப் பேரு எட்டிப் பாக்கறது!"

"நான் எங்கடி பாத்தேன்? காதுல வந்து விழுது."

"பழசையும் புதுசையும் சேத்துக் கணக்குப் போடறியே, எங்க கட்சியில எப்ப சேந்த?"

சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"உன் குரலே கசியுது எலுபே. கடைசிக் குழந்தை வர்ற வரைக்கும் நாம பேசக்கூடாது."

சரி என்று சொல்லவும் பயமாக இருந்தது. அந்த ஒரு சொல்லிலும் ஏதாவது அவன் காதில் விழுந்துவிடும்.

"இன்னிக்கு மட்டும் ஒண்ணு. பேசாத. ஆனா போனை வச்சிடாத" என்றேன்.

அவன் வைக்கவில்லை. ஏரிக் காற்று அவன் வீட்டுத் தகரக் கூரையைத் தட்டுவது எனக்குக் கேட்டது.