கறி ஊறும் ஞாயிறு

மேகம் விலகிய இடத்தில் கொஞ்சம் வெயில். அது சமையலறை ஜன்னல் வழியாக இறங்கி உரலுக்குள் விழுகிறது. மிளகு உடைய உடைய, வெயிலில் கரும்பொடி பறக்கிறது.

ஆனி மாதத்துச் சாரல். வடவள்ளியில் இந்த மாதம் முழுக்க இப்படித்தான். மருதமலை தெரியும், மறையும், மறுபடி தெரியும். துணி மட்டும் காயாது.

தண்டபாணி மிளகு இடிக்கிறான். என் கணவன். மிக்ஸி பக்கத்திலேயே இருக்கிறது. இடித்தால்தான் ருசி என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். இடிக்கிறான், தும்முகிறான், மறுபடி இடிக்கிறான்.

பார்க்கச் சிரிப்பு வருகிறது. கூடவே பயமும் வருகிறது. மதியம் அப்பா வருகிறார்.

அப்பாவின் பெயர் ஞானாதிக்கம். போத்தனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். இன்றும் முதுகு வளையாமல் நடப்பவர். இந்த வீட்டுக்கு வந்தால் மட்டும், யாரோ எழுந்திருக்கச் சொல்லப்போகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

"சாப்பிட்டுட்டுதாம்மா வந்தேன்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். காலையில் வந்தாலும் சாப்பிட்டுட்டுதான். மதியம் வந்தாலும் சாப்பிட்டுட்டுதான். கிறிஸ்துமஸுக்குக் கேக்கைத் தூக்கிக்கொண்டு வருவார், அந்தக் கேக்கில்கூட ஒரு துண்டு இங்கே தின்ன மாட்டார்.

தண்ணீர் மட்டும் குடிப்பார். சிறுவாணித் தண்ணிக்கு ஈடே இல்லை என்று பாராட்டுவார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

ஆறு வருடம் இப்படி.

கல்யாணமான புதிதில் இதே வீட்டில் ஒரு விருந்து நடந்தது. பொள்ளாச்சியிலிருந்து தண்டபாணியின் அம்மா வந்திருந்தார். கோழிக் குழம்பு, ஆட்டுக்கறி வறுவல், எல்லாம் அத்தையின் கைப்பக்குவம். குறை சொல்ல முடியாத ருசி.

எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு. அப்பாவுக்கு மட்டும் பேப்பர் தட்டு.

"விருந்தாளிக்குச் சிரமம் வேண்டாம் பாருங்க" என்றார் அத்தை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சண்டை பிடிக்க வழியில்லாத சிரிப்பு அது.

அப்பா சாப்பிட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தட்டை மடித்து, அவரே எடுத்துப்போய்க் குப்பைக் கூடையில் போட்டார். நன்றாக இருந்தது என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு இந்த வீட்டில் ஒரு பருக்கை தொடவில்லை. நான் அழுதும் பார்த்தேன். இது என் வீடும்தானே அப்பா என்று கேட்டேன். உன் வீடுதாம்மா, யார் இல்லைன்னா, நான் சாப்பிட்டுட்டுதான் வந்தேன் என்றார்.

வருகிற வாரம் அப்பா போத்தனூரை விட்டே போகிறார். தம்பி ஜெரால்டு பூனாவில் இருக்கிறான். தனியாகக் கிடந்தது போதும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொள்கிறான். இன்று சாப்பிட்டால் உண்டு. இல்லையென்றால், என் வீட்டில் சாப்பிடாமலே அப்பா போய்விடுவார்.

போன் போட்டது தண்டபாணிதான். என்னைக் கேட்கக்கூட இல்லை. "மாமா, ஞாயித்துக்கெழம வாங்க. நானே சமைக்கறனுங்க" என்றான். அப்பா பாக்கலாம் மாப்ள என்றார். வரேன் என்பதற்கும் வரலை என்பதற்கும் அவரிடம் அந்த ஒரே பதில்தான்.

பிறகு என்னிடம் வந்து கேட்டான். உங்கப்பாவுக்கு என்னதான் பிடிக்கும்?

பன்றிக்கறி, என்றேன். எலும்போடு தட்டையாக வெட்டிய சாப்ஸ். மிளகு, பூண்டு, வினிகர், கொஞ்சம் கருப்பட்டி. ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போகும் முன் ஊற வைத்துவிட்டுப் போவோம். பூசை முடிந்து வந்தால் ஊறியிருக்கும்.

சொல்லும்போதே என் குரல் தாழ்ந்தது. அந்தச் சொல்லை இந்த வீட்டில் நான் உரக்கச் சொன்னதில்லை. அப்பா வீட்டில் அதைத் தின்றுவிட்டு வந்தாலும், ஞாயிறு என்ன சமையல் என்று ஆபீசில் கேட்டால் மட்டன் என்பேன்.

இங்கே சமைக்காதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாரும் சொல்லாமலே நான் சமைக்கவில்லை. அது எப்படி நடந்தது என்று இப்போது யோசிக்கிறேன். மிளகு இடிபடும் சத்தத்தில் யோசிக்கிறேன்.

கறி போத்தனூரிலிருந்து வந்திருக்கிறது. காலையில் பைக்கில் போய் வாங்கி வந்தான். கருப்புப் பைக்குள் இன்னொரு கருப்புப் பை, அதற்குள் செய்தித்தாள், அதற்கும் மேலே ஒரு கட்டுக் கீரை. தங்கம் கடத்துகிறவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

வந்ததும் ஜன்னலைச் சாத்தினான். கறியைக் கழுவினான். மஞ்சள் போட்டுக் கழுவினான். எலுமிச்சை பிழிந்து கழுவினான். உப்பு போட்டு மறுபடி குழாயைத் திறந்தான்.

"போதும் பாணி. கறியா, கல்யாண வீட்டு அண்டாவா?"

"வாசம் போகணுமில்ல?"

"எதுக்குப் போகணும்?"

குழாயை மூடினான். நான் ஜன்னலைத் திறந்தேன், சாரல் உள்ளே வந்தது.

மேடையில் அவன் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். புதினா, மல்லி, பட்டை, கிராம்பு, சோம்பு, ஏதோ ஒரு பாக்கெட் மசாலா, அதற்கு மேல் இன்னொரு பாக்கெட். கறி என்று ஒன்று இருப்பதே நாக்குக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானித்தவனின் மேடை.

ஊற வைப்பது மறைப்பதற்கு இல்லை. அதை நான் அப்போது சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். மிளகு, பூண்டு, இஞ்சி, வினிகர், கருப்பட்டி, உப்பு, மிஞ்சியது அவ்வளவுதான்.

சரி, பாத்திரம் எடு, என்றேன்.

அப்போதுதான் அவன் உள்ளறைக்குப் போனான். ஒரு பையோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

பையிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பேசின். ஒரு புதுக் கத்தி. ஒரு புது வாணலி. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இதுக்குன்னே தனியா வாங்கினேன், புனிதா. முடிஞ்சதும் தூக்கிப் போட்டுர்லாம். ஒருத்தருக்கும் தொந்தரவில்ல."

பெருமையாகச் சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். என் அப்பாவுக்காக மழையில் போத்தனூர் வரை போய் வந்தவன். மிளகு இடித்து இடித்துக் கை சிவந்தவன்.

   நான் நீலப் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் போய்விட்டது. சமையலறை இருண்டது. சாரல் வலுத்தது.

"என்னாச்சு?" என்றான்.

"எங்கப்பாவுக்குத் தனித் தட்டு," என்றேன். "எங்கப்பா திங்கற கறிக்குத் தனிச் சட்டி. ரெண்டும் குப்பைக்கு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. இல்ல, நான் அப்படி, என்று ஏதோ தொடங்கினான். பிறகு நின்றான். பேசினைப் பார்த்தான். விலைச்சீட்டைப் பார்த்தான். புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது, காது மடல் வரை சிவந்துவிட்டது.

 பூண்டு உரித்தேன். ஒரு பல், இன்னொரு பல். சொல்லிக் கொடுத்துச் செய்ய வைக்க எனக்கு விருப்பமில்லை. அவனாகச் செய்தால் செய்யட்டும், இல்லையென்றால் பேசினிலேயே ஊறட்டும், அப்பா தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும்.

அவன் எக்கி மேல்தட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கினான்.

இட்லி மாவுப் பாத்திரம். அகன்ற வாய், கனமான அடி. வீடு குடிவந்தபோது அத்தை கொடுத்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். ப. மயிலாத்தாள். அத்தை இங்கே வரும்போதெல்லாம் அவர் கையால் மாவு கரைத்து வைப்பது இதில்தான்.

"பாணி."

"ம்."

"யோசிச்சுக்கோ. அத்த வந்து கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றான்.  கறித் துண்டுகளை அள்ளி அந்தப் பாத்திரத்தில் போட்டான்.

போட்ட பிறகு சமையலறையில் ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

தட்டிய பூண்டு. நசுக்கிய இஞ்சி. கரகரப்பாக உடைந்த மிளகு, தும்மித் தும்மி உடைத்த மிளகு. கருப்பட்டியை வினிகரில் கரைத்தேன். கரைய நேரமெடுத்தது.

கையுறையும் வாங்கி வைத்திருந்தான். அதை அவனே பைக்குள் திரும்பப் போட்டான். வெறும் கையால் பிசறினான். எலும்பின் இடுக்கில், கொழுப்பின் ஓரத்தில், துண்டைத் திருப்பி மறுபக்கத்தில். முதலில் விரல் நுனிகள் மட்டும் தொட்டன. பிறகு உள்ளங்கை தொட்டது.

இந்தக் கையைப் பார்த்துத்தான் நான் இவனைக் கட்டிக்கொண்டேன் என்று தோன்றியது. உண்மையில் வேறு காரணங்கள் இருந்தன. அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

மூடி வைத்தோம். ஊறியது.

உப்பு உள்ளே இறங்க நேரமாகும். அவசரப்படுத்த முடியாது. அதுவரை அரிசி களைந்தேன். வெங்காயம் நறுக்கினேன். வாசலைப் பார்த்தேன். மழையைச் சாக்காக வைத்து வராமல் இருந்துவிடுவாரோ என்று பார்த்தேன்.

மழையில் ஒரு கருப்புக் குடை வந்தது. முதுகு வளையாமல் வந்தது.

அப்பா குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பூச முடிஞ்சு நம்ம தெரு பெரியநாயகம் வீட்ல இட்லி போட்டுட்டாங்கம்மா. சாப்பிட்டுட்டுதான் வந்தேன்."

எனக்குக் கண் நிறைந்தது. தண்ணீர் எடுக்கிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

அப்போது சமையலறையில், நாங்கள் தினமும் புழங்கும் வாணலியில் முதல் துண்டு விழுந்தது. சுர்ரென்ற சத்தம். கொழுப்பு உருகும் வாசம், கருப்பட்டி தீயும் வாசம், மிளகு. மறைக்காத வாசம், கூடம் முழுக்க.

சோபா நுனியில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கினார்.  பிறகு எழுந்தார். பஸ்ஸுக்குத்தான் எழுகிறார் என்று நினைத்தேன்.

சமையலறைக்குப் போனார். இந்த வீட்டின் சமையலறைக்கு அப்பா அதுவரை போனதில்லை. வாசற்படியில் நின்றார், அதற்கு மேல் போகவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் மாவுப் பாத்திரம். அதில் மிச்சத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. அப்பாவின் கண் அதில் நின்றது. வெட்டியிருந்த பெயரை உதடு அசையப் படித்தார்.

"உங்கம்மா பாத்திரமுங்களா மாப்ள?"

"ஆமாங்க மாமா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

தண்டபாணி அடுப்பைக் குறைத்தான். பொய் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இன்னும் தெரியாதுங்க. சொல்லணும்."

அப்பா அவனையே பார்த்தார். விளையாட்டு மைதானத்தில் பையன்களை அளக்கும் பார்வை. அதில் தப்பிப் பிழைத்தவர்கள் குறைவு.

"சரி," என்றார். "எலயோ தட்டோ, போடுங்க. பசிக்குது."

மூன்று எவர்சில்வர் தட்டு. நாங்கள் தினமும் சாப்பிடும் தட்டு. கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். சோறு, ரசம், சாப்ஸ். தண்டபாணி தன் தட்டில் ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன்போல் தின்றான்.

அப்பா எலும்பைக் கையில் எடுத்தார். ஓரத்தைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். நான் சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கம்மி" என்றார்.

இந்த வீட்டுத் தண்ணீரைக்கூடப் பாராட்டிக் கொண்டிருந்த மனிதர். ஆறு வருடமாக ஒரு குறை சொல்லாத மனிதர். உப்பு கம்மி என்கிறார். "இன்னுங் கொஞ்ச நேரம் ஊறியிருக்கணும். ஆனா மெளகு பரவால்ல. இன்னொண்ணு வைம்மா."

வைத்தேன். இருப்பதில் பெரிய துண்டு. 

சாப்பிட்ட பிறகு அப்பா சோபாவில் சாய்ந்தார். பூனாவின் குளிரைப் பற்றி, ஜெரால்டு வீட்டு மாடிப்படி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் பேச்சு நின்றது. பார்த்தால், தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டையோடு, கால் இரண்டையும் நீட்டி.

தண்டபாணியின் போன் அடித்தது. அத்தை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பேசுவது வழக்கம். சங்கடமான விஷயம் என்றால் அவன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவான், கதவைச் சாத்துவான்.

இன்று போகவில்லை. கூடத்தின் நடுவிலேயே நின்றான்.

"சாப்டாச்சும்மா. மாமா வந்திருக்காரு. ஆமா, சாப்ட்டாரு. பன்னிக்கறிம்மா. வீட்லதான், நாந்தான் செஞ்சேன். உன்ற மாவுப் பாத்திரத்துலதான் ஊற வெச்சேன்."

 அந்தப் பக்கத்தில் அத்தையின் குரல் எழுந்தது. என் வரைக்கும் கேட்டது. ஏறிக்கொண்டே போனது.

 திரும்பி சோபாவைப் பார்த்தான். போனை வாயருகே வைத்து, கையால் பொத்திக்கொண்டு, தன் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசும்மா. மாமா தூங்கறாரு."