அம்சாவுக்குக் காட்டிய முகம்

அம்மை போட்டு, இரண்டு கண்ணும் சீழ் கட்டி மூடிக் கிடந்த மகள் அம்சாவைத் தோளில் போட்டுக்கொண்டு, திரௌபதியம்மன் கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றுதான் பொன்னி நேர்ந்துகொண்டாள். சேரிச் சனத்துக்கு அதுதான் எல்லை. "ஆத்தா, இது கண்ணு தொறக்கட்டும். கொண்டாந்து உன் மூஞ்சியக் காட்டுறேன்."

கண் திறந்தது. காட்டத்தான் வழியில்லை. அங்கிருந்து பார்த்தால் சூடம் எரிவது ஒரு பொட்டாகத் தெரியும். ஆத்தாள் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து, நாற்பத்தேழில், எல்லாரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்தது. திண்டிவனத்து அதிகாரிகள் நாள் குறித்தார்கள். முந்தின நாள் களத்தில் மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்த பொன்னியிடம் நிலத்துக்காரர் வீட்டம்மா சொன்னாள்:

"சட்டம் போட்டவன் மெட்ராசுல குந்திக்கினு கீறான். உங்க சனம் ஆத்தாள நேர்ல பாத்தா கண்ணு அவிஞ்சிடும்டி. பொழைச்ச கண்ணு. அப்புறம் உன் இஷ்டம்."

"அந்தம்மா தெனம் பாக்குதே, அதுக்கு அவியலியா?" என்று அன்றிரவு கணவன் சின்னக்கண்ணு சிரித்தான். பொன்னிக்குச் சிரிப்பு வரவில்லை. போகாவிட்டால் நேர்த்திக்கடன் நிற்கிறது; போனால் கண். எப்படியும் அடி பிள்ளைக்குத்தான்.

போனாள். கூட்டம் தள்ளிக்கொண்டுபோய்க் கருவறை முன்னால் நிறுத்தியது. பூசாரி சூடத்தட்டை உயர்த்தினார். சரியாக அப்போது பொன்னி முந்தானையால் பிள்ளையின் கண்ணைப் பொத்தி, தன் கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள். மூஞ்சியைக் காட்ட வந்தவள்!

"ஏம்மே, பாக்கத்தானே வந்த?" சின்னக்கண்ணு முழங்கையால் இடித்தான்.

அம்சா திமிறினாள். முந்தானை நழுவியது. பொன்னி கண் மூடியபடியே அதைத் தேடித் துழாவினாள்.

"யம்மா! ஆத்தா கையில கிளி வச்சிக்கினு கீறா. பச்சக் கிளி. என்னியே பாக்குறா."

பொன்னி கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது பிள்ளையைத்தான். விரலை நீட்டினாள். "இது எத்தினி?"

"மூணு. தள்ளும்மா, மறைக்குது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓவென்று அழுதாள்; அழுகைக்கு நடுவே சிரித்தாள். "பொய்யி! எத்தினி வருசமா இந்தப் பொய்யச் சொல்லிக்கினு இருந்தாளுங்க, பாவிங்க!" தாய் என்று கும்பிடுகிறவள் பிள்ளையின் கண்ணை அவிப்பாளா? இதைக் கேட்க இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தன்மேலும் கோபம் வந்தது. கோபத்தோடே உடம்பு லேசானது.

எழுந்து பார்த்தாள். மஞ்சள் பூசிய முகம், மூக்குத்தி, அகல விழித்த கண். எதிரில் நிற்பவளை யார் எவள் என்று கேட்காத கண்.

"ஜல்தி வாம்மே, பின்னாடி சனம் நிக்குது."

"இருய்யா," என்றாள் பொன்னி. "நான் இன்னும் பாக்கல."