துண்டு போட்ட இடம்

மதுரையில் எங்கள் பணிமனைக்குப் புதுப்பிக்க வந்த பழைய மீட்டர் கேஜ் பெட்டியில் ஒரு பயணி இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பெயர் மூக்கையா. எதிரே சன்னலோரத்தில் ஒரு ஈரத்துண்டு கிடந்தது. அதைப் போட்டு இடம் பிடித்தவர், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறார். அறுபது வருஷமாக மூக்கையா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆளை விட்டுவிட்டு வண்டி போய்விடக் கூடாதே என்று ஒரு கையால் அபாயச் சங்கிலியை இழுத்துப் பிடித்திருந்தார். பெட்டி ஓட்டத்திலிருந்து நின்றது அதனால்தான். எங்களிடம் கிரேனில் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். பயணம் முடியாததால் அவருக்கு வயதும் ஏறவில்லை.

அவரைச் சுற்றியே வேலை பார்த்தோம். உளுத்த தேக்குப் பலகைகளை மாற்றினோம். மேலே அடித்திருந்த பெயின்ட்டையெல்லாம் சுரண்டி, அடியில் இருந்த கருஞ்சிவப்பைக் கண்டுபிடித்து அதையே பூசினோம். தரையைத் தேய்க்கும்போது அவரே காலைத் தூக்கிக்கொள்வார். தங்கமான மனுஷன். துண்டு கிடந்த பலகையை மட்டும் தொட விடவில்லை.

"ஆள் வருது" என்றார்.

நாங்களும் வற்புறுத்தவில்லை. தீபாவளிக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள்தானே நாங்களும்?

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருவதாக இருந்தது. பெட்டி சொந்தச் சக்கரத்தில் உருண்டால் பாரம்பரிய ரயிலில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வெல்டர் பல்கீஸ் வந்து கேட்டாள்.

"ஏண்ணே, துண்டு போட்டவரு இறங்குன பிளாட்பாரத்தைத்தான் அகலப்பாதை போடறப்ப இடிச்சுட்டாங்களே. பாவம், எது வழியா ஏறுவாரு?"

எங்களில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை பாருங்கள். மிச்சமிருந்த பலகைகளை அடுக்கிப் பெட்டியை ஒட்டி ஒரு பிளாட்பாரம் கட்டினோம். கோடியில் ஒரு குழாய் வைத்தோம். மறுநாள் அதிகாரிகள் முன்னால் நான் குழாயைத் திறந்தேன். அங்கே ஒரு வரிசை நின்றது. முதலில் நின்றவர் கூஜாவை நிரப்பிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

"நேரமாயிருச்சோ? தண்ணி நூல் மாதிரி வருதுங்க" என்றார்.

"பரவால்ல, உக்காருங்க" என்றார் மூக்கையா.

வந்தவர் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கையா சங்கிலியை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார். பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி உருண்டது. அதிகாரிகள் கைதட்டினார்கள். பல்கீஸ் விரலை மடித்து விசிலடித்தாள்.

வரிசையில் நின்ற மற்றவர்கள் இன்னும் தண்ணீர் பிடித்திருக்கவில்லை. ஆகவே பிளாட்பாரமும் பெட்டியோடு கூடவே புறப்பட்டது. அதிகாரிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் என் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் தாவி ஏறி, வரிசையின் கடைசியில் போய் நின்றேன். சோழவந்தான் தாண்டுவதற்குள் என் முறை வந்துவிடும் என்று முன்னால் நின்றவர் சொன்னார்.