சூரியன் மறையாத நாட்டில் இருட்டுவதற்குள்

கல்லூரியில் அவனை எல்லோரும் ‘ஓட்டை’ என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் ஓட்டை என்பதால் அல்ல. ரகசியம் காப்பதில் அவன் கெட்டிக்காரன். எந்த மாயாஜால விளையாட்டைக் கணினியில் போட்டாலும் அதன் கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான், அதனால்தான். நினைத்த இடத்துக்குப் பறக்கத் தெரிந்த மந்திரவாதி முதல் பாகம் முழுக்கக் குதிரை தேடி அலைந்தது எதற்கு? சாகாவரம் வாங்கிய அரசன் எதற்கு வைத்தியருக்குச் சம்பளம் கொடுக்கிறான்? ஊரே பட்டினி என்று அழுகிறது, ஆனால் எந்த வீட்டுப் பானையை உடைத்தாலும் உள்ளே ரொட்டி இருக்கிறதே, அது யார் சாப்பிட? விடுதியில் மற்றவர்கள் மும்முரமாக அசுரனை வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்பான். வெட்டுகிறவனுக்குக் கை தளர்ந்துபோகும். அவனால் உயிர் பிழைத்த அசுரர்கள் ஏராளம்.

கல்லூரி விளையாட்டு மன்றத்தின் செயலாளர் இந்தத் திறமையை வீணாக்க விரும்பவில்லை. சனிக்கிழமை மதியம் பெரிய வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார். சுவரொட்டி அடித்து, வருவோருக்கு வருகைப் பதிவு உண்டு என்று ஒரு பொய்யையும் பரப்பியாயிற்று. என்ன தலைப்பு என்று கேட்டதற்கு ஓட்டை யோசிக்கவே இல்லை. சிறுவயதில் வீட்டில் ஆடிய பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது, உலகத்திலேயே அதிக ஓட்டை உள்ள கதை அதுதான், அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றான். சொல்லும்போது முகம் ஒரு மாதிரி மலர்ந்துவிட்டதைச் செயலாளர் கவனித்தார். காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டார்.

கிட்டத்தட்ட அப்படித்தான். ஓட்டைக்கு ஏழு வயதிருக்கும்போது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தார். தொலைக்காட்சியில் மாட்டினால் ஒரு நாடு தெரிந்தது. ஆறு, மலை, கோட்டைவாசல், சந்தை. ஆட்கள் பேசினால் கீழே கட்டம் கட்டி எழுத்து வரும். அது வீட்டில் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. ஏணியும் கூரையும் கொக்கியுமாக இருக்கும். அவனைவிட ஏழு வயது மூத்த அக்காவுக்கு மட்டும் அது தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள் என்றாள். அவன் பட்டனை அழுத்த, அக்கா காலை மடக்கி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் படித்துச் சொல்வாள். படகோட்டிக்குக் கரகரத்த குரல், இளவரசிக்கு அவளுடைய சொந்தக் குரல்.

அம்மா வேலைவிட்டு வருகிறவரைதான் எல்லாம். அம்மா திட்டுகிற ரகம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பையைக்கூட இறக்காமல், தொலைக்காட்சியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு இருந்தால் மறுநாள் பெட்டி பரண் ஏறிவிடும். அதனால் வெயில் சாய்ந்ததும் இரண்டு பேருமாக மின்விசிறியைத் தூக்கிவந்து தொலைக்காட்சியின் பின்னால் வைத்து, ஈரத்துணியும் போட்டு, அதற்குக் குளிர்ச்சி வைத்தியம் பார்ப்பார்கள். அம்மா வரும்போது ஒருத்தி வரலாறும் ஒருவன் வாய்ப்பாடும் படித்துக்கொண்டிருக்க, தொலைக்காட்சி மட்டும் சில்லிட்டுப்போய் நிற்கும். அது எப்படி அறையிலிருக்கிற எல்லாவற்றையும்விடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்று வருடம் அந்த நாட்டில் வாழ்ந்தார்கள். பிறகு அக்கா விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். கடைசிப் பாகம் பாக்கி. படித்துச் சொல்ல ஆளில்லாமல் அவன் கொஞ்ச நாள் கோட்டைவாசலில் வெறுமனே நடந்துகொண்டிருந்தான். ஒருநாள் பெட்டியிலிருந்து புகை வந்தது, அத்தோடு சரி.

ஆனால் கேள்விகள் மிஞ்சின. இரண்டாம் பாகத்தில் சுழலில் சிக்கிச் செத்த படகோட்டி, மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலேயே சந்தையில் உட்கார்ந்து வெங்காயம் விற்றது எப்படி? அந்த நாட்டில் ஒரு சூனியக்காரன் சூரியனை ஆணியடித்து நிறுத்திவிட்டான், எப்போதும் பகல்தான். அப்படியிருக்க, “இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுங்க” என்று வாசல்காவலன் ஏன் தினமும் சொன்னான்? பெரிய அசுரர்களை இளவரசி மட்டுமே கொல்ல முடியும் என்பது தேவர்கள் இட்ட சட்டம். பிறகு பனிமலை டிராகனை மட்டும் அவன் ஆட்டுவித்த சின்னப் பணியாள் பையன் எப்படிக் கொன்றான்? இதற்கெல்லாம் சமாதானம் தேடித் தேடித்தான் அவன் ஓட்டை ஆனான். மற்ற கதைகளை நோண்டியது வெறும் கைப்பழக்கம்.

சனிக்கிழமைக்கு முந்தைய வாரம் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. அந்த விளையாட்டை உருவாக்கியவர்களே அதைத் தூசி தட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார்கள். பேசும்போது படம் காட்டலாமே என்று வாங்கினான். வகுப்புகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அதே ஆறு, அதே மலை, அதே பீப்பி இசை.

ஆற்றங்கரைக்குப் போனான். படகோட்டி, படகுக்குத் தார் பூச வேண்டும், சுற்றுவழியில் போங்கள் என்றான். அவ்வளவுதான். சுழலும் இல்லை, சாவும் இல்லை. வெங்காயக்காரன் வேறு ஆள். ஒரே முகத்தை இரண்டு பேருக்கு மாட்டியிருந்தார்கள். வாசல்காவலன் ஊரின் பெயரைச் சொல்லி வரவேற்றதோடு நிறுத்திக்கொண்டான். சூரியனுக்கு ஆணியும் கிடையாது, சூனியக்காரனும் கிடையாது. அந்தக் காலத்து இயந்திரத்துக்கு இரவு வரையத் தெரியவில்லை. அசுரனை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இளவரசி இளவரசியே அல்ல, மூலிகை விற்கிறவள். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பொத்தல் கிடையாது. இழை இழையாகச் சரியாக நெய்த கதை. அவனுக்குக் கொட்டாவி வந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. ஊர் உலகத்துக் கதைகளிலெல்லாம் ஓட்டை பிடித்தவன் தன் வீட்டுக் கதையில் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறான். எந்தப் பள்ளிக்கூடத்தில் அந்த மொழி சொல்லித் தருகிறார்கள்? அவனும் அதே பள்ளிக்கூடத்தில்தானே படித்தான்?

அக்கா இப்போது வேறொரு நகரத்தில் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செய்வது அவள் வேலை. மதிய இடைவேளையில் கூப்பிட்டான். பின்னணியில் எதையோ இயந்திரத்தில் ராவுகிற சத்தம் கேட்டது.

“அக்கா, உனக்கு அந்த மொழி தெரியுமா?”

“எந்த மொழிடா?”

“படகோட்டி பேசுவானே, அது.”

“ஓ, அதுவா. ஒரு எழுத்துகூடத் தெரியாது.”

வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்கன்னு சொன்னியே.”

“சொன்னேன். இல்லைன்னு எப்ப சொன்னேன்?”

ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் சளைக்காமல் சொன்னாள். படகோட்டியைக் கொன்றது, மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை என்பதால். வழி அடைபட்டால்தான் தம்பி பெட்டியை அணைப்பான். ஆனால் அவன் துக்கத்தில் சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டதால், பரீட்சை முடிந்த கையோடு அதே முகம் உள்ள ஆளாகப் பார்த்து உயிர் கொடுத்துவிட்டாள். வாசல்காவலன் சொன்னது அம்மா வருகிற நேரம் நெருங்கிவிட்டதற்கு அடையாளம். அணைக்கச் சொன்னால் தம்பி அவளோடு சண்டைக்கு வருவான். காவலன் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டான். இளவரசி சட்டமா? அது எதற்கென்று கேட்கவே வேண்டாம். பெரிய அசுரன் வந்தால் ஆட்டக்கருவி அக்கா கைக்கு வந்துவிட வேண்டும். தேவர்கள் எல்லோரும் அவள் கட்சி.

“அப்போ டிராகன்? அன்னைக்கு மட்டும் ஏன் என்கிட்ட குடுத்த?”

ராவுகிற சத்தம் நின்றது.

“ஞாபகம் இல்லையா உனக்கு? அன்னைக்கு உன் வகுப்புல தொடர் ஓட்டத்துக்குக் கட்சி பிரிச்சிருக்காங்க. ரெண்டு கட்சியும் உன்னை வேண்டாம்னுட்டாங்க. பையைத் தூக்கிப் போட்டுட்டு கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்த. கூப்பிட்டாலும் வரல. ‘டேய், இளவரசிக்குக் கை சுளுக்கிடுச்சாம், பணியாளைக் கூப்பிடுறா’ன்னு சொன்னேன். வந்துட்ட.”

அவனுக்குக் கட்சி பிரித்தது ஞாபகம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றதும் ஞாபகம் இல்லை. டிராகன் விழுந்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த இடத்தைத்தான் அவன் சனிக்கிழமைப் பேச்சில் ‘கதாசிரியரின் மன்னிக்க முடியாத அலட்சியம்’ என்று சொல்லத் திட்டமிட்டிருந்தான்.

சுவரொட்டி சமாச்சாரத்தைச் சொன்னான். ஆறு நாளாய் ஒரு வார்த்தை தயாரிக்கவில்லை என்றும், இப்படி ஒரு நாடே இல்லையென்று ஆனபிறகு மேடையேறி எதைப் பேசுவது என்றும் கேட்டான். பேச்சு போனால் போகிறது. அந்த நாடு போய்விட்டதே என்பதுதான் அவனை அறுத்தது.

அக்கா, “ஏன்டா இல்ல? நாம ரெண்டு பேரும் மூணு வருஷம் அங்கதானே இருந்தோம். ஓட்டையெல்லாம் என்னோடது. என்னைத் திட்டிப் பேசு, எனக்கென்ன” என்றாள். ஒரு கடைவாய்ப்பல் காத்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அறை முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வருகைப் பதிவின் மகிமை. செயலாளர் ஒலிவாங்கியை மூன்று தடவை ஊதிப் பார்த்தார். ஓட்டை மேடையேறி, ஆங்கிலப் பதிப்பின் படம் எதையும் போடாமல், தான் இன்றைக்குப் பேசப்போகும் விளையாட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது, ஒரே ஒரு வீட்டில் மூன்று வருடம் மட்டும் ஓடியது என்று ஆரம்பித்தான். படகோட்டி, ஆணியடித்த சூரியன், தேவர்களின் சட்டம் எல்லாவற்றையும் சொன்னான். டிராகன் வரை வந்தபோது அறையில் செல்போன் பார்ப்பவர்கள் யாரும் இல்லை. அது ஏன் அப்படி நடந்தது என்று மட்டும் அவன் சொல்லவில்லை. கதாசிரியர் இப்போது தொலைபேசியில் இருக்கிறார், அவரையே கேளுங்கள் என்று செல்போனை ஒலிவாங்கியின் முன்னால் வைத்தான்.

ராவுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. பிறகு, “யாரு, கேளுங்க” என்றாள் அக்கா.

முன்வரிசையில் வேதியியல் படிக்கிற ஒருத்தி எழுந்து, இளவரசி மட்டுமே கொல்ல முடியுமென்றால் டிராகன் எப்படிச் செத்தது என்று கேட்டாள். ஓட்டையின் கை செல்போனை நோக்கிப் போனது. கதவுக்குப் பின்னால் நின்ற பையனை இத்தனை பேர் முன்னால் அக்கா இழுத்து நிறுத்தப் போகிறாளோ?

“சட்டத்தைச் சரியாப் படிக்கணும்மா,” என்றாள் அக்கா. “இளவரசி கொல்லணும், இல்லாட்டி இளவரசி யாரைக் கைகாட்டுறாளோ அவங்க கொல்லணும். அவ வாழ்நாள்ல ஒருத்தரைத்தான் கைகாட்டலாம். அந்தப் பையனைக் காட்டினா.”

வேதியியல்காரி திருப்தியாகி உட்கார்ந்துவிட்டாள். இந்தச் சட்டம் ஓட்டைக்கே புதிது. அக்கா இதை இப்போதுதான், ஒரு கையில் யாரோ ஒருவரின் பல்லோடு, இயற்றியிருக்கிறாள். அவன் மூக்கை உறிஞ்சியது ஒலிபெருக்கியில் நன்றாகவே கேட்டது. செயலாளர் கம்பியைச் சரிபார்த்தார்.

பின்வரிசையில் ஒருவன், கடைசிப் பாகம் என்ன ஆயிற்று என்று கேட்டான். ஓட்டையும் பத்து வருடமாக அதைத்தான் கேட்க நினைத்திருந்தான். இந்த வாரம்கூடக் கேட்கத் துணியவில்லை.

“கடைசிப் பாகமா?” அக்கா இயந்திரத்தை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. “சொல்றேன். அந்த ஆணியைப் பிடுங்கினதும் முதல்தடவையா ராத்திரி வந்துச்சு. ராத்திரின்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாதில்லையா, எல்லாரும் பயந்து கடற்கரைக்கு ஓடுறாங்க. போய்ப் பார்த்தா, இத்தனை வருஷ வெயில்ல கடல் பூரா வத்திப்போய்க் கிடக்கு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அப்ப இளவரசி என்ன பண்ணினா, எல்லாரையும் கப்பல்ல ஏத்திக்கிட்டு அக்கரைக்குப் புறப்பட்டா. பணியாள் பையன்தான் பாயை ஏத்தினான்...”

செயலாளர் முகத்தைச் சுளித்தார். வேதியியல்காரி மெல்லக் கை தூக்கினாள். பின்வரிசையில் இரண்டு பேர் தூக்கினார்கள். அக்கா எதையும் பார்க்க முடியாமல் கப்பலை ஓட்டிக்கொண்டே போனாள். அவளுடைய குரல் படகோட்டி மாதிரி கரகரக்க ஆரம்பித்திருந்தது.

ஓட்டை மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசை ஓரத்தில் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்து, அவனும் கை தூக்கினான். அவனுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவசரம் ஒன்றுமில்லை.