புட்டாவைத் தின்ற புள்ளிகள்

"பவித்ரா, இந்தப் புடவையில புட்டா எங்கம்மா?"

கடலூர் ஜவுளிக்கடையின் ஆன்லைன் விற்பனையைக் கவனிக்கும் கனகம் மேடம் போனில் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புடவையின் புட்டா புடவையில்தானே இருக்கும்? நான் என்ன எடுத்து முந்தானையிலா முடிந்துகொண்டேன்? நேற்று அனுப்பிய படங்களைப் போனில் திறந்து பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மாம்பழ நிறப் பட்டு மொட்டையாகக் கிடந்தது. உடல் முழுக்கக் கடுகளவு பச்சைப் பூக்களாகப் புட்டா போட்ட புடவை அது. அத்தனையையும் என் கையாலேயே துடைத்து அழித்திருந்தேன்.

என் வேலை அதுதான். கடையில் எடுக்கும் புடவைப் படங்களில் சுருக்கம், நூல் பிசிறு, தூசு எல்லாம் நீக்கி, துணியின் நிறம் படத்திலும் அப்படியே தெரியும்படி செய்து கொடுக்க வேண்டும். இப்போது நடப்பது சோதனை. இதில் தேறினால் தீபாவளிப் புடவைகள் மொத்தமும் எனக்கு. தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அப்பா தன் நண்பரிடம் சொல்லி ஓர் ஆபீசில் கான்ட்ராக்ட் டேட்டா என்ட்ரிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். சுரங்கத்தில் பர்மனென்டாக இருக்கும் மனிதருக்கு, காலையில் கிளம்பிப் போய் மாலையில் திரும்பி வந்தால்தான் வேலை. 'வூட்ல குந்திகினு எலிய உருட்டறது' அவர் கணக்கில் வேலையே இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள திருத்தி அனுப்பும்மா. இல்லன்னா நான் வேற ஆள பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காத" என்று மேடம் போனை வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை பளிச்சென்றுதான் வந்தது. கடை அனுப்பிய படத்தைத் திறந்து வேலையில் இறங்கினேன். கொஞ்ச நேரம்தான். நேற்றுப் போலவே ஆரம்பித்தது. பச்சையும் ரோஜா நிறமுமாகப் புள்ளிகள், முதலில் மூலையில், பிறகு புடவை முழுவதும். நேற்று இவற்றைத்தான் நூல் பிசிறு என்று நினைத்து அழித்தேன். அழிக்க அழிக்க வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்ததில், எது அழுக்கு எது புட்டா என்று தெரியாமல் எல்லாவற்றையும் வழித்தெடுத்திருக்கிறேன். யாரிடம் சொல்லி அழ?

திரையைப் போனில் படம் பிடித்து, மெயின் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாலகுமாருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "டிஸ்ப்ளே போச்சுங்க. புதுசு வாங்கிடுங்க." நோயாளியைத் தொட்டும் பார்க்காமல் சங்கு ஊதிவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போச்சு என்று சொல்ல ஒரு கடை எதற்கு?

நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். முதலில் கடை அனுப்பிய படத்தைத் தொடாமல் அப்படியே போனில் திறந்தேன். புட்டா எல்லாம் சமர்த்தாக இருந்தன. வேண்டாத புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆக, படத்தில் கோளாறு இல்லை.

அடுத்தது திரை. வேறொரு திரை வேண்டும். ஹாலில் டிவி இருந்தது, ஆனால் அதன் முன்னால் சீரியலோடு அம்மா இருந்தார்.

"அஞ்சு நிமிஷம்மா."

"எதுக்குடி? இப்பதான் அந்த மாமியாக்காரி மாட்டப் போறா."

"அவ நாளைக்கும் மாட்ட மாட்டா. குடும்மா."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே டிவியின் பூப்போட்ட உறையை ஒதுக்கி வழி விட்டார். இங்கே உறை பற்றிச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஊரில் காலையில் துடைத்த மேசையில் மதியம் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. அதனால் எங்கள் குவார்ட்டர்ஸில் அம்மா உறை தைத்துப் போடாத பொருள் அப்பா ஒருவர்தான். ஃபிரிட்ஜ், மிக்சி, கேஸ் சிலிண்டர், என் சிபியூ எல்லாமே சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்கும். சிபியூ உறையில் பட்டனுக்கு ஒரு ஜன்னல், ஒயர்களுக்கு ஓட்டை, விளிம்பில் ஃபிரில். "கழட்டவே வேணாம், போட்டபடியே ஓட்டலாம்" என்பது அம்மாவின் பெருமை. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

நீளமான ஒயர் ஒன்றைத் தேடியெடுத்துக் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்தேன். அந்தப் பெரிய டிவியில் மாம்பழப் பட்டு விரிந்தது. அதன் மேல் அதே பச்சை, அதே ரோஜா.

"அய்ய, டிவியும் போச்சா?" என்று அம்மா எழுந்தே விட்டார்.

"போகலம்மா! ரெண்டு திரையுமே நல்லா இருக்கு!" என்று நான் குதித்தேன். ரெண்டு திரைக்கும் ஒரே நேரத்தில் ஒரே நோய் வராது. படத்திலும் இல்லை, திரையிலும் இல்லை என்றால் நடுவில் இருக்கும் பெட்டியில்தான் கோளாறு. பாலகுமார் சாவு அறிவித்த டிஸ்ப்ளே குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தது. பாதிக் கிணறு தாண்டிவிட்ட சந்தோஷம் எனக்கு.

மீதிப் பாதியை யோசித்தேன். போட்டவுடன் வராமல் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு ஏன் வருகிறது? நேற்றும் அப்படித்தான், அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான். ஓடினால் என்ன ஆகும்? சூடாகும். மேசைக்கு அடியில் குனிந்து சிபியூவின் பின்பக்கம் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். காற்று வெளியேற வேண்டிய இடத்தை உள்துணி கொடுத்துத் தைத்த அம்மாவின் உறை அழகாக மூடியிருந்தது. படங்களை வரைந்து திரைக்கு அனுப்புகிற கார்டு உள்ளே வெந்துகொண்டிருந்தது. அந்த வேக்காட்டில்தான் நிறம் பிறழ்ந்து புள்ளி புள்ளியாகக் கொட்டியிருக்கிறது.

கண்டுபிடித்தது பெரிதில்லை. அதை அம்மாவிடம் சொல்வதுதான் பெரிது.

"என் உறை மேலயா பழி போடற?" அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "தூசு போவக் கூடாதுன்னு கண்ணு வலிக்கத் தெச்சேன்டி."

"தூசு போகாதும்மா, சூடும் வெளிய வராது. நீயே கைய வச்சுப் பாரு."

அம்மா நம்பாமல்தான் கை வைத்தார். "அடியாத்தே, தோசக்கல்லு மாதிரி கொதிக்குது!" பிரஸ் பட்டன்களை அவரே பட் பட்டென்று பிரித்து உறையை உருவி எறிந்தார். எனக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்து, ஆறவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். இத்தனை உறைக்குள்ளும் புழுதி எப்படியோ நுழைந்து விசிறி இறக்கைகளில் மெத்தை போட்டிருந்தது. ஊதினால் என் முகத்துக்குத்தான் திரும்பி வந்தது. "இரு" என்று அம்மா போய் சைக்கிள் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து அப்பா உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி நடக்குது? கம்ப்யூட்டருக்கு காத்தடிக்கிறீங்க? பஞ்சராயிடுச்சா?"

"பேசிகினு நிக்காம வந்து அடிங்க. எனக்குக் கை கடுக்குது" என்றார் அம்மா.

அப்பா சட்டையைக் கூடக் கழற்றவில்லை. விசிறி சுற்றாமல் இருக்க நான் பென்சிலால் பிடித்துக்கொண்டேன், அம்மா பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளினார், அப்பா லாரி டயருக்கு அடிப்பது போல் ஏறி மிதித்து அடித்தார். மூன்று பேரும் தும்மினோம். கடைசியில் இறக்கையின் கறுப்பு நிறம் தெரிந்தது.

மறுபடி போட்டேன். திரை பளிச்சென்று வந்தது, ஆனால் வரும்போது எப்போதும் பளிச்சென்றுதான் வரும். நேற்று அழித்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் படத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு சுருக்கத்தையும் மெல்ல நீவினேன். இப்போது வரும், இதோ வரும் என்று மூலையையே பார்த்தேன். அம்மா சீரியலை மறந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வழக்கமாகப் புள்ளி வரும் நேரம் வந்தது, போனது. திரையில் பச்சையாக இருந்ததெல்லாம் புட்டா மட்டும்தான். அந்த மாம்பழப் பட்டின் மேல் எனக்கு அப்படியொரு காதல் வந்துவிட்டது.

வெயில் தாழ்வதற்குள் எல்லாப் படங்களையும் அனுப்பிவிட்டேன். பிறகு காத்திருப்புதான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். என் வேலைக்காக அவர் காத்திருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"புட்டா ஒண்ணுகூட விடல பவித்ரா. கடையில கையில எடுத்துப் பாத்தா எப்படியோ, அப்படியே இருக்கு கலரு. தீபாவளி புடவ மொத்தமும் உனக்குத்தான். திங்கக்கெழமையிலேருந்து ஆரம்பிச்சுடலாமா?"

"ஆரம்பிச்சுடலாம் மேடம்" என்று கத்தியே விட்டேன். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி எடுத்தார். காலர் இல்லாத நைட்டியில் எதைத் தூக்கிவிட்டுக்கொள்வது என்று தெரியாமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

அப்பா டீயைக் கீழே வைத்தார். தன் போனை எடுத்து அந்த நண்பரைக் கூப்பிட்டார்.

"துரைராஜ் பேசறேங்க. திங்கக்கெழம எம்பொண்ணு வராதுங்க. அதுக்கு வேல இருக்குது."

எங்கே என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அப்பா எழுந்து வாசல் பக்கம் போனார். எதிர் குவார்ட்டர்ஸுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னார்.

"எங்க வூட்லதாங்க ஆபீசு!"